அடுப்பு ஸ்பிரிட்டில் ஒரு கட்டி பெருங்காயம்

இலுப்பூரில் மாடி வைத்த ஹார்டுவேர்ஸ் கடை. அன்னவாசலில் சொந்த வீடு. முள் மண்டிக் கிடந்த தரிசைத் திருத்திக் கடலை போட்ட காடு. மூன்று பெண்பிள்ளைகளையும் வேலைக்குப் போகிற அளவுக்குப் படிக்க வைத்தது. திருமயம் சுற்றுவட்டாரத்துப் பெரிய வீடுகளில் நான் பாலிஷ் போட்டு இன்றைக்கும் முகம் தெரிகிற கதவுகள். அதெல்லாம் போக, கடல் படகு ஒன்றின் உள்வேலை முழுக்க. இத்தனையையும் செய்தவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தவன். அப்பன் எனக்கு விட்டுப் போனது ஒழுகுகிற ஓட்டு வீடும் ஒரு நொண்டிப் பசுவும். கை கொடுத்துத் தூக்கிவிட ஒரு ஆள் கிடையாது.

போன மாதம் புதுக்கோட்டையில் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த நர்சுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "பயமா இருக்கா தாத்தா?" என்றுதான் கேட்டது. பயம் இல்லை என்று காட்டுவதற்காக நான் கடையில் ஆரம்பித்துக் கடல் வரைக்கும் போய்விட்டேன்.

"பெருமையெல்லாம் அப்பறம் பேசலாம். கைய நீட்டுங்க."

பஞ்சை நனைத்துக் கையில் தடவியது. சில்லென்று ஏறியது. கூடவே அந்த வாசம்.

"இது மருந்துக்கடைச் சரக்குல்ல? அடுப்புல ஊத்துனா சட்டியெல்லாம் கரி புடிக்குமே தாயி."

"இத எதுக்கு தாத்தா அடுப்புல ஊத்துறீங்க?"

பதில் சொல்வதற்குள் ஊசியைக் குத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. கண்ணில் கட்டோடு படுத்திருந்த எனக்கு ராத்திரி முழுக்க அந்த வாசம் போகவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் ஊசியைக் காட்டி ஓட மாட்டீர்கள்.

ஸ்பிரிட்டோடு எனக்கு இளவட்ட வயதிலிருந்தே பழக்கம். குடிக்கிற பழக்கம் இல்லை, நிம்மதியாக உட்காருங்கள். நானும் என் அண்ணன் சுப்பையாவும் பாலிஷ் வேலைக்குப் போனோம். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் தேன் மாதிரிக் கரைந்து வரும். பஞ்சை வேட்டித் துணியில் பொதிந்து, அதில் தொட்டு, மரத்தின் மேல் வட்டம் வட்டமாக ஓட்ட வேண்டும். கை ஒரு நொடி நின்றால் திட்டு விழுந்துவிடும். செட்டிமார் வீட்டுத் தேக்குக் கதவு ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அண்ணனின் கை எனக்கு வராது. ஊரில் நான் ஒத்துக்கொள்கிற ஒரே கை அதுதான்.

ஒரு வீட்டு வேலை முடிந்த சந்தோஷத்தில் அண்ணனும் கூட வேலை பார்த்த இன்னொருவரும் மிச்சமிருந்த ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டார்கள். மரத்துக்குப் பூசுகிற ஸ்பிரிட்டில் குடிக்கக்கூடாது என்பதற்காகவே விஷம் கலந்திருப்பார்கள். மறுநாள் காலையில் அண்ணன் என்னைத் தட்டி, "ஏன்டா இன்னும் விடியல?" என்று கேட்டார். வெயில் எங்கள் முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது. கூடக் குடித்தவர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

அண்ணனுக்கு அதற்குப் பிறகு விடியவேயில்லை. நான் கடை வைத்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அவரை உட்கார வைத்தேன். வருகிறவர்களைக் குரலை வைத்துக் கண்டுபிடித்துக் கிண்டல் பண்ணுவார். பாலிஷ் சாமான் விற்கிறவன் ஸ்பிரிட் விற்காமல் இருக்க முடியாது. லைசென்சு வாங்கி முறையாக விற்றேன். ஆனால் ஒன்றை மனதில் முடிந்து வைத்திருந்தேன். என் கடைச் சரக்கால் இன்னொருத்தன் வீட்டில் விடியாமல் போகக்கூடாது. ஆளைப் பார்த்து, அவன் கை நகத்தில் அரக்குக் கறை இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பேன்.

அப்படி நகம் பார்த்த ஒரு நாளில்தான் கப்பல் செட்டியார் வந்தார். நகம் பளிங்கு மாதிரி இருந்தது.

"என்னப்பா, ஸ்பிரிட் இருக்கா? கொஞ்சம் கூடுதலா வேணும்."

"எதுக்குங்க?"

"அடுப்பு எரிக்க."

அண்ணன் ஸ்டூலில் இருந்தபடியே, "செட்டியார் வீட்டுல வெறகுக்கா பஞ்சம்?" என்றார்.

கப்பல் செட்டியார் என்பது ஊர் வைத்த பேர். திருமயத்துப் பக்கம் பெரிய வீடு. அவர் பங்காளிகள் எல்லாம் வட்டிக்கடை, மில் என்று இருந்தபோது, இவர் மட்டும் கப்பல் இஞ்சின் ரூமில் வேலை பார்த்து உலகம் சுற்றினார். ரிட்டையர் ஆகி வந்ததும், கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சின்னக் கரையில் பாய்மரப் படகு ஒன்று கட்டினார். மீன் பிடிக்க இல்லை, சும்மா போய்வர. உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், ஒரு குட்டிச் சமையல் மேடை. அந்த மேடைக்கும் உள்பலகைக்கும் பாலிஷ் போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் கொண்டுவந்திருந்த அடுப்பை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பளபளவென்று எவர்சில்வரில், நம் டிபன் பெட்டி போல இருந்தது. உள்ளே தகர டப்பா, டப்பா நிறையப் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்திருந்தது. ஸ்பிரிட்டை ஊற்றினால் அது குடித்துக்கொள்ளும். கவிழ்த்தால்கூடச் சொட்டாது.

"காஸ் வச்சா என்னங்க?"

"காஸ் கசிஞ்சா காத்த விடக் கனம்ப்பா. படகோட அடிவயித்துல போயித் தங்கிரும். ஒரு குச்சியக் கிழிச்சா நானும் ஆச்சியும் நேரா சொர்க்கந்தான்."

"நீங்க சொர்க்கத்துக்குப் போறது எப்பங்க உறுதியாச்சு?" என்று வாசலில் காரில் இருந்தபடியே கேட்டார் ஆச்சி. செட்டியாரின் மனைவி. குரல் கடைக்குள் வந்த பிறகுதான் ஆள் வந்தார். "மண்ணெண்ணெய் எனக்கு ஆகாது. கடல் ஆட்டத்துல அந்த வாடையும் சேந்தா கொடலே வெளிய வந்துரும். அதான் இந்தச் சாராய அடுப்பு."

செட்டியார் முகம் சுளித்தார். "சாராயமுன்னு சொல்லாத. ஸ்பிரிட்."

எந்த ஸ்பிரிட் என்பதுதான் கேள்வி. பெரிய கடைகளில் கேட்டால் டப்பாவை எடுத்து நீட்டிவிடுவார்கள். நான் அப்படி விற்கிறவன் இல்லை. மூன்று பீங்கான் சாசர்களைக் கல்லா மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒன்றில் மருந்துக்கடை ஸ்பிரிட். ஒன்றில் என் பாலிஷ் ஸ்பிரிட். மூன்றாவதில், செட்டியாரே சாம்பிளுக்கு என்று வேறெங்கோ வாங்கி வந்திருந்த, பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்த ஒன்று. அதுதான் விலை சல்லிசு.

முதல் சாசரைப் பற்றவைத்தேன். மஞ்சளாக எழும்பியது. மேலே ஒரு தம்ளரைக் காட்டினேன், அடி கரியாகிவிட்டது. இரண்டாவது அடக்கமாக, நீலமாக, நுனியில் மட்டும் கொஞ்சம் மஞ்சளாக எரிந்தது. தம்ளர் சுத்தம். எரிந்து முடிந்ததும் சாசரில் விரல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் தேங்கவில்லை. தண்ணி கலந்த சரக்கென்றால் அடியில் மிச்சம் நிற்கும்.

மூன்றாவது சாசருக்குக் குச்சியைக் கொண்டு போகும்போது அண்ணன் மூக்கைத் தூக்கினார். "தம்பி, அத இங்கிட்டு வைக்காத. தூரத் தள்ளு."

"ஏன்ணே?"

"தள்ளுன்னா தள்ளு."

அவர் குரல் எனக்குத் தெரியும். அந்தச் சாசரை அப்படியே வாசலுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். "எங்க சரக்குல கொஞ்சமாக் கலக்குற வெசம், இதுல முழுக்க அதுதான் செட்டியாரே. ஒரு மூடி உள்ள போனா கண்ணு, ரெண்டு மூடி போனா உசுரு" என்றேன். அவர் சிரித்தார். "அடுப்புக்குத்தானப்பா, யாரு குடிக்கப் போறா?" என்றார். இருந்தாலும் என் சரக்கைத்தான் எடுத்துக்கொண்டார்.

யார் குடிக்கப் போகிறார் என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. படகில் இரண்டு பேர் வேலைக்கு இருந்தார்கள். சேது, அவன் தங்கை புருஷன் பாண்டி. நல்ல பையன்கள். கடல் அவர்களுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. ஆனால் குளிர்காற்றில் நின்று பாய் இழுத்துவிட்டு வருகிற ஆளுக்குப் பக்கத்தில் ஒரு கேன் ஸ்பிரிட் இருந்தால், எத்தனை நாளைக்கு அது அடுப்புக்கு மட்டும் இருக்கும்? என் அண்ணனும் நல்ல பையன்தான்.

பாலிஷுக்கு என்றால் அரக்கைப் போட்டுக் கொடுத்துவிடலாம், எவனும் வாயில் வைக்க மாட்டான். அடுப்பில் அரக்கைப் போட்டால் பஞ்சு அடைத்துக்கொள்ளும். வேப்பெண்ணெய் புகையும். யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனால், அடுப்படியில் என் சம்சாரம் ரசத்துக்குப் பெருங்காயம் உடைத்துக்கொண்டிருந்தது. அந்த மணம் மூக்கில் ஏறிய நிமிஷம், கட்டியை அதன் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். பின்னால் அது என்ன திட்டியது என்பதை இங்கே எழுத முடியாது.

பெருங்காயம் ஸ்பிரிட்டில் எப்படிக் கரைகிறது தெரியுமா? தண்ணீரில் இடிச்சபுளியாய்க் கிடப்பது, ஸ்பிரிட்டில் ஒரு ராத்திரியில் தன் குணத்தையெல்லாம் கக்கிவிடும். அடுப்புப் பஞ்சு அடைக்காமல் இருக்க, மெல்லிய துணியில் திரும்பத் திரும்ப வடிகட்டினேன். லேசான காவி நிறம். மூடியைத் திறந்தால் கல்யாண வீட்டுப் பந்தி எழுந்து வரும். எரிந்தது, ஆனால் எவனாலும் குடிக்க முடியாது. செட்டியாருக்கு அடுத்த கேன் இதுதான் போனது. எந்தக் காலேஜிலும் படித்து நான் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து செட்டியார் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யேய், இதுல என்னத்தப்பா கலந்த? காப்பி போட்டா ரசம் மணக்குது. வெந்நி வச்சா சாம்பார் மணக்குது. படகுல ஏறுனா அன்னதான மடத்துல உக்காந்த மாதிரி இருக்கு."

"பாதுகாப்புக்குங்க."

"எவனுக்குப் பாதுகாப்பு? அடுத்த வாரம் மெட்ராஸ்ல இருந்து சம்பந்தி வீட்டுக்காரங்க வாராக. படகு முதல் தடவையா சொந்தக்காரங்களோட கடல்ல எறங்குது. சுத்தமான சரக்காக் குடு."

"அப்படிக் குடுக்க மாட்டேன் செட்டியாரே."

அண்ணன் ஸ்டூலில் அசையாமல் இருந்தார். செட்டியார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எங்கள் கதை தெரியும். தெரிந்திருந்தும், "ஒருத்தன் குடிச்சான்னு ஊரே குடிக்குமா?" என்று கேட்டுவிட்டார். அவர் கேனை அங்கேயே வைத்துவிட்டு, "கடை ஒண்ணுதானா இருக்கு?" என்று சொல்லிக் காரில் ஏறிப் போனார்.

நல்ல வாடிக்கை. படகு வேலை, வீட்டு வேலை, அவர் சொல்லி வந்த வேலை என்று எத்தனையோ அவர் கையில் இருந்தது. போகட்டும் என்று விட்டேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் அதே கார் வந்தது. ஆச்சி மட்டும் இறங்கினார்.

"அவுக வேற எங்கயோ வாங்கி வந்திருக்காக. தண்ணி மாதிரி இருக்கு. அன்னைக்கி நீ வாசல்ல கொட்டுனியே, அதே மாதிரி. ஒன் ரசத்தையே குடு. சம்பந்தியம்மா கேட்டா, எங்க வீட்டுக் காப்பியே இப்புடித்தான்னு சொல்லிக்கிறேன்."

"செட்டியாருக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்னய டைவர்ஸா பண்ணிருவாக? ஏத்துப்பா கேன. நீயும் நாளைக்கி வா. உள்பலகையப் பாத்து அவுக சொந்தம் வாயப் பொளக்கிறத நீ பாக்க வேணாமா?"

என் பலவீனம் ஆச்சிக்கு எப்படித் தெரிந்ததோ. மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து அறந்தாங்கி மாறிக் கரைக்குப் போய்விட்டேன்.

சம்பந்தி வீட்டார் இன்னும் வந்து சேரவில்லை. செட்டியார் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி கயிற்றைச் சரிபண்ணினார். படகு கரையோரம் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. புதிதாக ஆளேற்றிக் கடலுக்குப் போகும் முன்னால், சேற்றுத் தரையைத் தாண்டி வேலமரத்தடியில் இருக்கிற கருப்பருக்குச் சுருட்டும் ஒரு பாட்டில் பிராந்தியும் வைத்துக் கும்பிட வேண்டும். சாமிக்கு ஒரு தம்ளர் ஊற்றியது போக, மீதியைப் போனவர்கள் வயது வரிசைப்படி அங்கேயே குடித்து முடிக்க வேண்டும். கரைக்குத் திருப்பிக் கொண்டுவரக்கூடாது. சேதுவும் பாண்டியும் அதற்குத்தான் போயிருந்தார்கள்.

ஆச்சி காப்பி போடலாம் என்று அடுப்பைத் திறந்தார். கேனைச் சாய்த்தால் ஆட்டத்தில் சிந்துகிறது என்று, சேது ஸ்பிரிட்டைக் காலி பிராந்தி பாட்டில் ஒன்றில் ஊற்றிப் பெட்டியில் வைத்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் டர்ப்பன்டைன், தின்னர், தேன், விளக்கெண்ணெய் எல்லாம் குடியிருந்த வீடு அந்தப் பாட்டில்தான். ஆச்சி அதை எடுத்து அடுப்பில் ஊற்றினார். குச்சியைக் கிழித்தார். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

"என்னப்பா, ஒன் சரக்கு பத்த மாட்டேங்குது?"

என் சரக்காவது பற்றாமல் போவதாவது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாட்டிலை வாங்கி மூக்கில் வைத்தேன்.

பெருங்காயம் மணக்கவில்லை. பிராந்தி மணந்தது.

சாமிக்கு வாங்கியதும் அதே பெட்டியில், அதே மாதிரிப் பழுப்புப் பாட்டிலில் இருந்திருக்கிறது. பயல்கள் மாற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஆச்சி, சேது பாட்டில்ல ஊத்துனது எந்தக் கேன்ல இருந்து? என்னோடதா, செட்டியார் வாங்குனதா?"

"ரெண்டும் இங்கதானப்பா இருந்துச்சு. நான் பாக்கலியே."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தேன். அந்தச் சேறு இருக்கிறதே, அது காலைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் விடும். ஒரு செருப்பு போனது. அடுத்த செருப்பை நானே விட்டேன். ஐம்பது தாண்டிய உடம்பு. வேலமரம் கண்ணுக்குத் தெரிகிறது, கிட்ட வரமாட்டேன் என்கிறது. "டேய் சேது, குடிக்காதடா!" என்று கத்தினேன். எதிர்க்காற்று, சத்தம் என் வாய்க்கே திரும்பி வந்தது. அந்த ஓட்டத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே குரல்தான். ஏன்டா இன்னும் விடியல?

மரத்தடி தெரிந்தது. சேது குனிந்து காறிக் காறித் துப்பிக்கொண்டிருந்தான். பாண்டி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடங்கிக் கிடந்தான். முடிந்தது என்று நினைத்தேன். கால் வழுக்கிச் சேற்றில் குப்புற விழுந்தேன்.

தவழ்ந்து கிட்டப் போனால், பாண்டி சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்துச் சிரித்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறான்.

"எவன்டா அவன், சாமி சரக்குல ரசத்தக் கலந்தவன்?" என்று சேது கத்தினான். "மாப்ள, சிரிக்காதடா, நாக்கெல்லாம் நாறுது!"

"மச்சான், அப்பளம் இருந்தாத் தொட்டுக்கலாம்" என்றான் பாண்டி.

"முழுங்குனியா?" சேதுவின் தாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எங்கண்ணே முழுங்குறது? மூக்குக்கிட்டக் கொண்டு போகவே கொமட்டுது. நாக்குல பட்டதையும் துப்பிட்டேன்."

"பாண்டி, நீயி?"

"மச்சான் குடிச்சப்பறந்தான எனக்கு? மொற அப்புடியில்ல?"

சாமி தம்ளரைப் பார்த்தேன். தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. குனிந்து முகர்ந்தேன். என் பெருங்காயம். ஆச்சியின் கேன். சேற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு நிம்மதியாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. பஞ்சு மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன், அதில்கூட. "என்னண்ணே அழுவுறீக?" என்று சேது கேட்டான். பெருங்காய நெடி என்று சொன்னேன்.

கரைக்கு வந்ததும் ஆச்சி, செட்டியார் வாங்கிய கேனில் இருந்து கொஞ்சத்தை ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி, மணலில் வைத்துக் குச்சியைப் போட்டார். உச்சியை நோக்கி ஏறுகிற வெயில். தீயே தெரியவில்லை.

"இதுவும் பத்தலியே" என்று செட்டியார் கையை நீட்டிக்கொண்டு குனிந்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். காய்ந்த பனையோலைத் துண்டு ஒன்றை எடுத்து அந்த வெறும் காற்றுக்கு நேரே காட்டினேன். ஓலை சுருண்டது, கறுத்தது, பிறகு என் கையில் எரிந்தது.

செட்டியார் அந்தக் கொட்டாங்கச்சியையே பார்த்தார். கண்ணுக்குத் தெரியாமலே எரிகிற ஒன்றை உலகம் சுற்றியவரும் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். பிறகு படகில் ஏறி, என் சரக்கில் போட்ட காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டாவது தம்ளரும் வாங்கினார்.

"காப்பி எப்புடிங்க இருக்கு?" என்று ஆச்சி கேட்டார்.

"கொஞ்சம் புளி தூக்கலா இருக்கு" என்றார்.

இலுப்பூருக்குத் திரும்பி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக என் கதைக்குள் புகுந்து நக்கல் பண்ணுகிறவர் கடைசி வரைக்கும் கேட்டார். பெருங்காய டப்பாவைக் கேட்டு வாங்கித் திறந்து முகர்ந்தார். "அன்னைக்கி நமக்கு இது தோணலியேடா" என்றார். அவ்வளவுதான். டப்பாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் வந்த ஆளை, "யாரு, கடன் சொல்ல வந்த ஆளா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? கருப்பர் காப்பாற்றினார் என்றது. கலப்படச் சரக்கைச் சாமி ஏற்றுக்கொள்ளவில்லை, அதனால்தான் நாற வைத்துவிட்டார் என்றது. சேதுவே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். செட்டியார் கருப்பருக்குச் சிமெண்டுத் தரை போட்டு, முன்னால் ஒரு கறுப்புக் கல்லும் நட்டார். உயிர் காத்த கருப்பருக்கு என்று மேலே, அதற்குக் கீழே அவர் பேர், ஆச்சி பேர், சேது, பாண்டி. பார்த்துவிட்டு நேராக அவரிடமே கேட்டேன்.

"நம்ம பேரு விட்டுப்போச்சுங்களே?"

"நீ பெருங்காயம் போட்டதாலதானப்பா அதுக்குப் பிராந்தி நெறம் வந்துச்சு? இல்லாட்டிப் பயலுக மாத்தி எடுத்திருப்பானுகளா?"

"பாட்டிலே பழுப்புங்க. அதுக்குள்ள பாலை ஊத்துனாலும் பிராந்தியாத்தான் தெரியும்."

அவர் சிரித்தார். சிரித்தாரே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் படகு இருந்த வரைக்கும் பெருங்காயம் போட்ட சரக்கைத்தான் வாங்கினார். வேறு கடைப் பக்கம் போகவில்லை.

இப்போது செட்டியார் இல்லை. ஆச்சி மெட்ராஸில் மகளோடு இருக்கிறார். கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டுப் போன் பண்ணி, "ரசம் சாப்புட்டியா?" என்று கேட்டார். படகு கைமாறி, பலகை பலகையாகப் பிரிந்து போனது. அந்தப் பக்கத்துப் படகுகளில் இப்போது சின்ன காஸ் சிலிண்டர்தான். ஸ்பிரிட் அடுப்பு என்றால் பையன்கள் முழிக்கிறார்கள். என் கடையிலும் எல்லாம் சீல் வைத்த கேனில் வருகிறது. யாரும் சாசரில் ஊற்றிப் பார்ப்பதில்லை, முகர்வதில்லை, வாங்குகிறவன் நகத்தையும் பார்ப்பதில்லை. பிராந்தி பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை நானே நிறுத்தி வெகு காலமாகிறது. அண்ணன் உட்கார்ந்த ஸ்டூல் இருக்கிறது. அதில் பெயிண்ட் டப்பாவை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கட்டு அவிழ்த்த அன்றைக்கு எனக்கு முதலில் தெரிந்தது சுவரில் தொங்கிய காலண்டர். கலங்கல் இல்லாமல் பளிச்சென்று. அண்ணனுக்கு ஒரே ஒரு காலை இப்படிக் கிடைத்திருந்தால் என்று நினைத்தேன். பிறகு, சேதுவுக்கும் பாண்டிக்கும் தினம் கிடைக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். சேதுவுக்குப் பேரன் பிறந்துவிட்டான். பாண்டி இன்னும் கடலுக்குப் போகிறான்.

புதுக்கண்ணை வைத்துக்கொண்டு போன வாரம் கருப்பரைப் பார்த்துவிட்டு வந்தேன். ட்யூப் லைட்டு, டைல்ஸ் என்று ஜோராக இருக்கிறார். கல்லையும் தடவிப் பார்த்தேன். பாண்டி பேருக்குக் கீழே ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. கருப்பர் பங்கில் நான் கை வைக்கவில்லை. ஆச்சி பங்கையும் மறுக்கவில்லை, அந்தக் கேன் இல்லையென்றால் நானும் இல்லை. அவர்கள் பேர் மேலேயே இருக்கட்டும். அந்தக் கரைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், வருகிற படையலுக்குள் ஆள் வைத்து அந்த இடத்தில் ஒரு வரி வெட்டுங்கள். கூலியை நானே கொடுத்துவிடுகிறேன். என் பேரை முழுதாக, தகப்பன் பேர் முதலெழுத்தோடு போட வேண்டும். பக்கத்திலேயே பெருங்காயம் என்றும் போட வேண்டும்.